பன்றியும் புளிப்பழமும்: சபரகமுவ மலைகளில் ‘ஆதி உணவு’ என்ற கேள்வி

யட்டியாந்தோட்டையைத் தாண்டிக் கித்துல்கல நோக்கிப் போகும் பாதையில் ரப்பர் மலையும் தேயிலைச் சரிவும் மாறி மாறி வரும். இலங்கையின் சபரகமுவ மாகாணத்தில், கேகாலை மாவட்டத்தின் அந்த மலைகளுக்குள்ளேதான் பெலிலென குகை இருக்கிறது. அதே மாகாணத்து இரத்தினபுரி மாவட்டத்தில், குருவிட்டவுக்கு மேலே காட்டுக்குள் இருப்பது பட்டதொம்பலென. கற்கால மனிதர் தீ மூட்டி, இறைச்சி வாட்டி, கொட்டை உடைத்துத் தின்ற சாம்பலும் எலும்பும் ஓடும் இரண்டு குகைகளிலும் அடுக்கடுக்காகக் கிடைத்திருக்கின்றன. அதே மலைகளின் அடிவாரத்தில், பன்றி உண்ணும் வீடுகளில் இன்றும் விசேஷ நாளென்றால் கொறுக்காய்ப்புளி சேர்த்துக் கறுக்கக் கறுக்க வேகவைத்த பன்றிக்கறிக்குத் தனி மதிப்பு உண்டு.

தானியம், பருப்பு, சீனி ஆகியவற்றை விலக்கி இறைச்சி, காய், பழம், கொட்டை ஆகியவற்றை உண்ணும் ‘பேலியோ’ முறை உலகெங்கும் பரவிய பிறகு, பழத்தோடு வாட்டிய பன்றி இறைச்சி அந்த முறையின் விருந்துப் பண்டங்களில் ஒன்றாகியிருக்கிறது. இது கற்கால உணவுதானா? கற்கால உணவென்றே வைத்துக்கொண்டாலும், அதனால் மட்டும் இன்றைய உடம்புக்கு ஏற்றதாகிவிடுமா? பழம் அதில் சேருமா, சேராதா? கேள்விகள் பழையவை, விடைகளும் பல. அவற்றை உரசிப் பார்க்கச் சபரகமுவவைவிடப் பொருத்தமான இடம் அதிகமில்லை. பேலியோ பேசுகிறவர்கள் கற்பனையில் காணும் குகை இங்கே உண்மையில் இருக்கிறது.

வாதம் பிறந்த விதம்

அமெரிக்க மருத்துவர் வால்டர் வோக்ட்லின் 1975இல் கற்கால உணவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மனிதன் அடிப்படையில் ஊனுண்ணி, கொழுப்பும் புரதமுமே அவனுக்கு இயல்பானவை என்பது அவர் கட்சி. அந்த நூல் பெரிதாகப் பேசப்படவில்லை. 1985இல் பாய்ட் ஈட்டனும் மெல்வின் கோனரும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைதான் இதை அறிவுலகின் கேள்வியாக்கியது. மனித மரபணு வேட்டைக் காலத்தில் உருவானது, உணவோ உழவு வந்தபின் தலைகீழாக மாறிவிட்டது, நீரிழிவும் இதயநோயும் அந்தப் பொருந்தாமையின் விளைவு என்பது அவர்கள் வாதத்தின் சாரம். 2002இல் லோரன் கோர்டெய்ன் அதையே வீட்டுச் சமையலுக்கான விதிகளாக மாற்றினார்: கொழுப்புக் குறைந்த இறைச்சி, மீன், காய், பழம், கொட்டை உண்டு, தானியம், பருப்பு, பால், உப்பு இல்லை.

தமிழில் இதைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் நியாண்டர் செல்வன். அவர் வகுத்த முறை கோர்டெய்னின் நகல் அல்ல. கொழுப்பையே உடலின் எரிபொருளாக்கும் மாவுச்சத்துக் குறைப்பு முறை அது. நெய், வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவற்றுக்கு அதில் இடமுண்டு; இனிப்பான பழங்களுக்குப் பெரும்பாலும் இல்லை. ஆக, ‘பேலியோ’ என்ற ஒரே பெயருக்குக் கீழே எதிரெதிரான இரண்டு சமையலறைகள் இருக்கின்றன. ஒன்றில் பன்றியின் கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டு அன்னாசியைச் சேர்ப்பார்கள். மற்றொன்றில் கொழுப்பை வைத்துக்கொண்டு அன்னாசியை விலக்குவார்கள்.

அடிப்படை வாதத்தையே மறுப்போரும் உண்டு. உயிரியலாளர் மார்லின் ஸுக் 2013இல் எழுதிய நூலில், உழவுக்குப் பின்னும் மனிதப் பரிணாமம் நிற்கவில்லை என்று காட்டினார். பெரியவரான பின்பும் பாலைச் செரிக்கும் திறன் சில இனக்குழுக்களில் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில்தான் பரவியது. மாவுச்சத்தைச் செரிக்கும் உமிழ்நீர் நொதிக்கான மரபணுப் பிரதிகள், மாவுணவை அதிகம் உண்ட மக்களிடம் கூடுதலாக இருப்பதை 2007இல் வந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. நியாண்டர்தால் மனிதரின் பற்காறையில் வெந்த மாவின் துகள்கள் 2011இல் அடையாளம் காணப்பட்டன. தானியமும் கிழங்கும் கற்கால வாய்க்கு அந்நியமானவை என்ற கூற்று இவற்றால் தளர்கிறது. ஆனால் இந்த மறுப்பும் ஓரளவுக்கே செல்லும். அந்தக் காலத்தில் கொஞ்சம் மாவு தின்றார்கள் என்பதிலிருந்து, மூன்று வேளையும் வெள்ளை மாவும் சீனியும் தின்றால் தீங்கில்லை என்ற முடிவு பிறக்காது.

குகைகள் சொல்வது

பி.ஈ.பி. தெரணியகல இலங்கையின் கற்கால மனிதருக்குச் சூட்டிய பெயர் பலாங்கொடை மனிதன். பலாங்கொடை இரத்தினபுரி மாவட்டத்து ஊர். அவர் மகன் சிரான் தெரணியகல பின்னர் பட்டதொம்பலெனவிலும் பெலிலெனவிலும் அகழ்ந்தபோது 30,000 ஆண்டுகளுக்கும் முந்திய வாழ்விடங்கள் வெளிப்பட்டன. நுண்கற்கருவிகளும் மனித எலும்புகளும் கிடைத்தன. கூடவே உணவின் எச்சமும்.

என்ன தின்றார்கள்? பன்றியும் மானும் உண்டு. ஆனால் குவியலில் முந்தி நிற்பவை குரங்கும் மலையணிலும். பக்கத்துக் களுத்துறை மாவட்டத்துப் பாஹியன்லெனவில் ஓஷான் வெதகேயும் சகாக்களும் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே மழைக்காட்டின் மர உச்சி விலங்குகளைக் குறிவைத்து வேட்டையாடியவர்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்று காட்டியது. நத்தை ஏராளம். ஆற்று மீனும் உண்டு. தாவரங்களில் சிங்களத்தில் கெக்குன எனப்படும் காட்டுக்கொட்டை, காட்டு ஈரப்பலா, காட்டு வாழை ஆகியவை தெரியவந்திருக்கின்றன. இன்றைய கதலியை நினைத்துக்கொண்டு காட்டு வாழையைப் படம் பிடிக்கக் கூடாது. விரல் நீளப் பழத்தை உரித்தால் மிளகளவு கறுப்பு விதைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கு இடையே சுரண்டி எடுக்கத்தக்க சதை கொஞ்சந்தான்.

பெலிலெனவில் கிடைத்த இன்னொரு தடயம் பேலியோ விதிகளோடு நேராக மோதுகிறது. கடற்கரையிலிருந்து உப்பு அங்கே கொண்டுவரப்பட்டிருக்கிறது. கடற்சிப்பிகள் பட்டதொம்பலெனவிலும் கிடைத்தன. மலைக்காட்டுக் குகைவாசி கடலோரத்தோடு தொடர்பு வைத்திருந்தான். உப்பையும் தேடிப் பெற்றான். கற்காலத்தின் பெயரால் உப்பை விலக்கும் விதிக்குக் கித்துல்கல ஆதரவு தரவில்லை.

பெட்ரிக் ராபர்ட்ஸ் தலைமையில் 26 பேரின் பற்களில் கரிம, ஆக்சிஜன் ஓரகத்தனிமங்களை அளந்து 2015இல் வெளிவந்த ஆய்வு, இம்மக்கள் ஏறக்குறைய முழுவதும் மழைக்காட்டையே நம்பி வாழ்ந்தார்கள் என்று சொன்னது. இது பெரிய முடிவு. ஆனால் உணவு காட்டிலிருந்து வந்தது என்பதைத்தான் பல் சொல்கிறது. அதில் இறைச்சி எவ்வளவு, கிழங்கு எவ்வளவு என்பதைத் திட்டமாகச் சொல்லவில்லை. சபரகமுவவின் ஈரமண்ணில் எலும்பு தப்பும், கருகிய கொட்டை ஓடு தப்பும். கிழங்கும் கீரையும் தேனும் தடமின்றிப் போய்விடும். கற்கால மனிதனை இறைச்சிப் பிரியனாகவே காட்டும் சித்திரத்தில் பாதி, மண் எதைக் காத்தது என்பதன் சித்திரம்.

தேன் உண்ணப்பட்டது என்று நம்பப் பிற்காலச் சான்று இடம் தருகிறது. சபரகமுவ என்ற பெயரையே சபரர், அதாவது வேடர் என்ற சொல்லோடு இணைத்துப் பொருள் காண்பார்கள். இலங்கை வேடர்கள் மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதில் இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் வாயடைத்துக் காப்பார்கள் என்று 1681இல் வெளியான தம் நூலில் ஆங்கிலேயர் இராபர்ட் நொக்ஸ் குறித்தார். இறைச்சியும் இனிப்பும் கூடியதற்கு இந்தத் தீவில் கிடைக்கும் நல்ல சான்று இது. ஆனால் 17ஆம் நூற்றாண்டு வேடரைக் கற்காலத்தின் உறைந்த படமாகக் கொள்வது பிழை. அவர்களும் அண்டை மக்களோடு பண்டம் மாற்றி, காலத்தோடு மாறி வந்தவர்கள்.

கொறுக்காயின் வழி

பன்றியோடு பழம் சேர்ப்பதில் சபரகமுவவுக்கு உரிய பழம் கொறுக்காய். தமிழகத்துக் கொடுக்காப்புளி வேறு. கேரளத்துக் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்தது இது. ஈரவலய மரம். பூசணிபோல் வரிவரியாகப் புடைத்த சிறு பழத்தைப் பிளந்து, வெயிலில் காயவைத்து, அடுப்புப் புகையில் போட்டால் தார்போல் கறுத்துச் சுருங்கும். விரலால் அழுத்தினால் தோல்போல வளையும். நாவில் வைத்தால் முதலில் புகை, பிறகு கூசும் புளிப்பு.

இதைப் பன்றியோடு சேர்த்தது யார்? ஒரு கட்சி போர்த்துக்கேயரைக் கைகாட்டும். அவர்கள் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். கோவாவின் விந்தாலு கறி அவர்களுடைய வினாகிரிப் பன்றியின் வழித்தோன்றல். வளர்ப்புப் பன்றி இலங்கையில் இன்றும் நீர்கொழும்பு, புத்தளம் சார்ந்த கத்தோலிக்கக் கரையோரத்தில்தான் செறிந்திருக்கிறது. வினாகிரியின் இடத்தில் உள்ளூர்ப் புளி வந்திருக்கலாம் என்பது இவர்கள் ஊகம். மறு கட்சி கர்நாடகத்துக் குடகைக் காட்டும். குடகுப் பன்றிக்கறியின் உயிர், இதே இனப் பழத்தைப் பிழிந்து காய்ச்சிய கச்சம்புளி. காட்டுப்பன்றி வேட்டை அங்கே பழைய மரபு. பறங்கியரிடம் கற்றது என்று சொல்ல முகாந்திரமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையும் தென்மேற்கு இலங்கையும் ஒரே வகைக் காட்டைப் பகிர்ந்துகொள்பவை. காட்டில் பன்றியும் புளிமரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டும் ஒரு சட்டியில் சேர யாரும் கப்பலேறி வரவேண்டியதில்லை. சூரை மீனைக் கொறுக்காயில் வேகவைத்து நாட்கணக்கில் வைத்திருக்கும் அம்புல்தியல் முறையும் இதற்குத் துணை நிற்கும்: புளிப்பு கிருமியைத் தடுக்கும், குளிர்பெட்டி இல்லாத வீட்டில் கறி கெடாது. இரண்டாவது விளக்கமே வலுவாகத் தெரிகிறது. முதலாவதை முற்றாக ஒதுக்கவும் முடியாது.

தமிழ் இலக்கியமும் இந்தக் கூட்டை அறியும். மலைபடுகடாம் காட்டும் குறவர் விருந்தில் வேட்டை இறைச்சியோடு புளியம்பழத்தின் புளிப்பும் மூங்கிலரிசிச் சோறும் வரும். பெரும்பாணாற்றுப்படையில் மாவூட்டிக் குழியில் அடைத்துக் கொழுக்கவைத்த ஆண்பன்றியின் இறைச்சி வரும். இறைச்சியும் புளிப்பழமும் சேர்ந்த கூட்டு பழையது என்பதற்கு முதலாவது சான்று. பன்றி ஊன் அன்றே விருந்துணவு என்பதற்கு இரண்டாவது. ஆனால் ஒன்றில் அரிசி கூடவே வருகிறது. மற்றொன்றில் பன்றியே மாவில் வளர்ந்தது. பேலியோ விதிப்படி இரண்டுமே தேறா.

அடுப்படியில் நடப்பது

தோட்டத்துத் துரை பங்களாவில் கோக்கிமார் என்ற சமையல்காரர்கள் ஆங்கிலேய முறைப்படி பன்றித்தொடையைப் போறணையில் வாட்டக் கற்றிருந்தார்கள். தொழிலாளர் வாழும் வரிசைவீடான லயத்தின் காம்பிராவில் போறணை ஏது? அங்கே ‘ரோஸ்ட்’ என்பதன் பொருள் பிரட்டல்: தண்ணீர் வற்றி, இறைச்சி தன் கொழுப்பிலேயே சுண்டி வறுபடும்வரை விறகடுப்பில் கிளறுவது.

பேலியோ விதிக்கு ஒத்துவரும்படி இதைச் செய்வது எளிதுதான். தோலும் கொழுப்பும் சேர்ந்த ஒரு கிலோ இறைச்சிக்கு நாலைந்து துண்டு கொறுக்காய் போதும். வெந்நீரில் ஊறவைத்து, உப்பும் மிளகும் சேர்த்து அம்மியில் அரைத்து இறைச்சியில் பிசறி வைக்கலாம். கறுவா, கராம்பு, ஏலம், றம்பை, கறிவேப்பிலை எல்லாம் விதிக்கு உட்பட்டவை. கராம்பும் மிளகும் கேகாலை மண்ணிலேயே விளைகின்றன. கவனிக்க வேண்டியது வறுத்த கறித்தூள். பல வீடுகளில் அதில் ஒரு கைப்பிடி அரிசியையும் வறுத்து இடிப்பார்கள். மூடி போட்டு மெல்லிய தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் கொழுப்பு உருகிக் கசியும். பிறகு மூடியைத் திறந்து தீயைக் கூட்ட வேண்டும்.

அன்னாசி சேர்ப்பவர்கள் கடைசிப் பத்து நிமிடத்தில் சேர்ப்பதே நல்லது. பச்சை அன்னாசியில் உள்ள புரோமெலின் என்ற நொதியும் பப்பாசிக்காயின் பப்பைனும் புரதத்தை அறுப்பவை. இரவு முழுக்க ஊறினால் இறைச்சி நாரற்றுக் கூழாகிவிடும். கொறுக்காயில் அந்தப் பயமில்லை; அது அமிலத்தால் மட்டுமே வேலை செய்கிறது. காட்டுப்பன்றியானால் நாடாப்புழுவும் திரிகினெல்லா என்ற உருண்டைப்புழுவும் இருக்கக்கூடும். நடுவில் சிவப்பு தெரியவிடும் மேலைநாட்டுப் பழக்கம் இதற்கு ஆகாது. முழுக்க வேகவைத்தே தீரவேண்டும்.

இத்தனை செய்தாலும் சட்டியில் உள்ளது கற்காலம் ஆகிவிடாது. வளர்ப்புப் பன்றி சுமார் 9,000, 10,000 ஆண்டுகளுக்கு முன் அனத்தோலியாவிலும் சீனாவிலும் பழக்கப்பட்ட விலங்கு. அதாவது உழவுக் காலத்தின் குழந்தை. மிளகாய், அன்னாசி, பப்பாசி, கொய்யா எல்லாம் கொலம்பசுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவை. பெலிலென மனிதனுக்கு இந்தச் சட்டியில் அறிமுகமாகத் தெரியக்கூடியவை உப்பும் காட்டுப்பன்றியின் வாசமும் புகையும். கொறுக்காய் அவன் காட்டு மரமாதலால் அதையும் அறிந்திருக்கலாம்.

உடம்பின் தீர்ப்பு

பழமை ஒரு புறம் இருக்கட்டும், பலன் உண்டா? சுவீடனில் லிண்டெபெர்க் குழு இதயநோயும் சர்க்கரைக் கோளாறும் உள்ள 29 பேரிடம் 12 வாரம் நடத்திய ஆய்வில், பேலியோ உணவு உண்டவர்களின் சர்க்கரைக் கட்டுப்பாடு மத்தியதரைக்கடல் உணவு உண்டவர்களைவிட மேம்பட்டது. 2007இல் வெளியான அந்த ஆய்வில் பழம் விலக்கப்படவில்லை. சுவீடனிலேயே உடற்பருமன் உள்ள 70 பெண்களை இரண்டாண்டு தொடர்ந்த வேறோர் ஆய்வு 2014இல் வந்தது. ஆறாம் மாதத்தில் தெளிவாக இருந்த கொழுப்புக் குறைவின் வேறுபாடு 24ஆம் மாதத்தில் மங்கிவிட்டது. குறுகிய காலப் பலன் உண்மை. நீண்ட கால உறுதி மெலிந்தது.

பழத்தையும் கிழங்கையும் பகையாகக் கருதுவோருக்கு அதே லிண்டெபெர்க் 1990 வாக்கில் பப்புவா நியூகினியின் கிட்டாவா தீவில் கண்டது சங்கடம் தரும். கிழங்கு, பழம், தேங்காய், மீன் என மாவுச்சத்து மிகுந்த உணவு. ஆயினும் மாரடைப்பும் பக்கவாதமும் அங்கே அரிதாகவே இருந்தன. பன்றிக்கும் இரு பக்கமும் உண்டு. தயமின் என்ற பி1 உயிர்ச்சத்து நிறைந்த இறைச்சி அது. ஆனால் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சிவப்பு இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகுப்பிலும், பதப்படுத்திய இறைச்சியை உறுதியாக உண்டாக்கும் என்ற வகுப்பிலும் வைத்தது. பன்றியும் அந்தக் கணக்கில் சிவப்பு இறைச்சியே. கொறுக்காய் இனப் பழச்சாறு உடலை இளைக்கவைக்கும் என்று மாத்திரை விற்பதற்கும் ஆதாரம் போதாது. 1998இல் 135 பேரிடம் 12 வாரம் நடந்த சோதனையில் வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. கறியில் போடும் நாலு துண்டைப் பற்றி இத்தகைய எதிர்பார்ப்பும் வேண்டாம், அச்சமும் வேண்டாம்.

லயத்தின் தட்டு

இந்த விவாதம் முழுவதும் தின்ன அதிகமாக உள்ளவர்களுக்காகவே நடந்து வந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை யாரும் கருத்தாகக் கேட்டதாகத் தெரியவில்லை. அதுவே இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

மலையகத் தமிழரின் உணவு அவர்கள் தேர்ந்தெடுத்த உணவு அல்ல. தோட்ட நிர்வாகம் கூலியில் கழித்துக்கொண்டு கொடுத்த அரிசி, பிறகு கூப்பன் அரிசி, பிறகு கோதுமை மா. 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். அதிகாலையில் சுட்ட ரொட்டி, தேங்காய்ச் சம்பல், சீனி போட்ட சாயத்தண்ணி: இதில் தானியத்தையும் சீனியையும் நீக்கினால் தட்டில் மிஞ்சுவது சம்பல். 2016ஆம் ஆண்டுச் சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடளவில் 17 விழுக்காடு. தோட்டப்புறத்தில் 32 விழுக்காடு. இவர்களுக்கு இறைச்சி கூடுதலாகத் தேவை என்பதில் பேலியோக்காரருக்கும் அவர்களை மறுக்கும் ஊட்டச்சத்து நிபுணருக்கும் பேதம் இருக்க முடியாது. 2024இல் நாட்கூலி 1,350 ரூபாவாக இருந்தது; அத்தகைய கூலியில் அது மாதத்தில் எத்தனை நாள் வாய்க்கும் என்பதே கேள்வி.

கையருகே கிடைப்பது காட்டுப்பன்றி. மரவள்ளியையும் கிழங்கையும் இரவில் கிளறிப்போடும் விலங்கு அது. அதற்கென்று வைக்கும் கம்பிச் சுருக்கு பன்றியை மட்டும் பிடிப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் சுருக்கில் சிக்கிய அபூர்வக் கருஞ்சிறுத்தை உடவளவைக்குக் கொண்டுபோகப்பட்டும் பிழைக்கவில்லை. வளர்ப்புப் பன்றிக்கும் 2024 இறுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து பண்ணைகள் பெரும் இழப்பைக் கண்டன. அத்தோடு, பன்றியை உண்பதும் விலக்குவதும் சமயம், குலவழக்கு, சாதி மதிப்பு ஆகியவற்றோடு பிணைந்தது. ஒரே லயத்தில் ஒரு வீட்டில் விருந்தாவது அடுத்த வீட்டில் தீட்டாகும்.

இன்னும் விடை காணாதவை

பழத்தோடு வாட்டிய பன்றி கற்கால உணவு என்ற கூற்று, குகைச் சான்றை வைத்துப் பார்த்தால், நேர்ப்பொருளில் நிற்கவில்லை. காட்டு இறைச்சியும் காட்டுக்கனியும் கொட்டையும் சேர்த்து உண்ட மக்கள் இங்கே இருந்தார்கள் என்பது மட்டும் நிற்கிறது. பழத்தை விலக்குவதற்கும் உப்பை விலக்குவதற்கும் இந்த மலைகளில் ஆதாரமில்லை. மாவையும் சீனியையும் குறைப்பதற்கான நியாயம் கற்காலத்தில் அல்ல, இன்றைய நீரிழிவுக் கணக்கில் இருக்கிறது.

கிழங்கு எவ்வளவு உண்ணப்பட்டது என்பது திறந்தே கிடக்கிறது. பட்டதொம்பலெனப் பற்களின் காறையில் மாவுத்துகள் தேடப்பட்டுத் தெளிவான முடிவு வந்தால், இறைச்சிக்கும் மாவுக்கும் இடையிலான வழக்கில் ஒரு பக்கம் சாயலாம். கொறுக்காய்ப் பன்றியும் குடகுக் கறியும் ஒரே வேரில் கிளைத்தவையா, தனித்தனியே முளைத்தவையா என்பதும் அப்படியே. சுவீடனில் மேசைவேலை பார்ப்பவரிடம் கண்ட பலன், மலையேறிக் கொழுந்து பறிக்கும், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் உடம்பிலும் காணப்படுமா என்பதற்கு அந்த ஆய்வுகளில் விடையில்லை. அரிசிக்குப் பதிலாக அவித்த பலாக்காயும் ஈரப்பலாக்காயும் வைத்து, வாரத்துக்கு இரண்டு முறை இறைச்சியோ முட்டையோ மீனோ சேர்த்தால் தோட்டத்துக் குழந்தைகளின் உயரம் எவ்வளவு மாறும் என்பது அதைவிட எளிதாகச் சோதித்தறியக் கூடியது. இரண்டு மரங்களும் லயத்துக் கோடிப்புறத்திலேயே காய்க்கின்றன.